ஒரு மணிக்கு முடிந்த டியூட்டி

போன வாரம் அண்ணியைத் திட்டித் தீர்த்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள். திட்டுவதற்கு இந்த வாரமும் நிறைய இருக்கிறது. நானே இரண்டு இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதினேன்.

இன்றைக்குத்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அண்ணி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு நர்ஸ். காலை ஏழு மணிக்கு டியூட்டி. மூன்றுக்கு முடியும் என்று பேர்தானே தவிர, கிளம்புவதற்குள் ஐந்தாகிவிடும். அசந்துபோன நர்ஸ் தப்பு செய்யத்தான் செய்வாள் என்று நிர்வாகத்துக்கு யாரோ எடுத்துச் சொல்ல, ஆறு மணி நேர வேலையை ஒரே ஒரு வார்டில் போட்டுத்தான் பார்ப்போமே என்று முடிவானது. அந்த அதிர்ஷ்டம் அண்ணியின் வார்டுக்கு அடித்தது. சம்பளத்தில் கை வைக்கவில்லை. மழைக்காலம் ஆரம்பித்ததிலிருந்து அவள் டியூட்டி மதியம் ஒரு மணிக்கே முடிந்துவிடுகிறது.

இதை அவள் வீட்டில் மூச்சு விடவில்லை. முன்பு போலவே ஐந்தரைக்குத்தான் வாசலில் வந்து செருப்பைக் கழற்றுகிறாள். நடுவில் எங்கே போகிறாள் என்ற இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன். 'நிச்சயம் யாரோ ஒருத்தன் இருக்கிறான்' என்று ஒரு சகோதரி அடித்துச் சொல்லியிருந்தார். இல்லையம்மா. விஷயம் நீங்கள் நினைப்பதைவிட மோசம்.

அவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் பிரிவு மதியத்தோடு மூடிவிடும். கண் டாக்டர் அறைக்கு வெளியே நீளமாக ஒரு கூடம், வரிசையாக பெஞ்சுகள். சீருடையை மாற்றிக்கொண்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்வாள். ஆஸ்பத்திரியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டுவாள். சில நாள் சாய்ந்தபடியே தூங்கிவிடுவாள். பல நாள் தூக்கம்கூட இல்லை. தரை துடைப்பவர் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போவதைப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? அந்த வீட்டில் 'டியூட்டி' என்பது ஒரு பூட்டு. டியூட்டியில் இருக்கிறாள் என்றால் அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள், எதையும் கேட்க மாட்டார்கள். பூட்டைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாமலா இருக்கும்?

ஆனால் இன்றைக்குக் காலையிலேயே அவளுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை.

காரணம் வாலு. வாலு அவளுடைய நாத்தனார். சின்ன வயதில் செய்த சேட்டைக்கு வைத்த பெயர், காதோரம் நரைத்த பிறகும் விடவில்லை. கட்டிக்கொடுத்த இடத்தில் சரிப்படாமல் திரும்பி வந்தவள். பெரிய துணிக்கடையில் விற்பனைப் பெண். பத்து மணி நேரமும் நின்றே ஆகவேண்டும். வாடிக்கையாளர் இல்லாவிட்டாலும் உட்காரக் கூடாது என்பது கடையின் சட்டம். ஆனாலும் அந்த ஒரு இடத்தில்தான் அவளை யாரும் 'பாவம்' என்று பார்ப்பதில்லை. அதனால் அந்தக் கடை என்றால் அவளுக்கு உயிர்.

காலையில் அவள் ஷூ போடத் தடுமாறினாள். அண்ணி குனிந்து கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"என்னடி இது, இப்படி வீங்கியிருக்கு? நடுவுல கொஞ்ச நேரம் காலைத் தூக்கி வெச்சு உக்காரு."

"எப்போ?" என்றாள் வாலு.

ஒரே சொல்தான். கோபம்கூட இல்லை அதில். அண்ணிக்கு வழியெல்லாம் அதுவே காதில் குடைந்தது.

எப்போ என்று வாலு கேட்டதில் நியாயம் இருந்தது. மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோனதிலிருந்து, காலையில் உதவிக்கு ஓர் அம்மாள் வந்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு பெரியவர் தனி. அண்ணிக்கு டியூட்டி. அவள் கணவன், வாலுவின் அண்ணனுக்கு ஓட்டல் வரவேற்பு மேஜையில் டியூட்டி. ஆகவே வாலுதான் தன்னுடைய சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடி வந்து, அப்பாவுக்கு ஊட்டி, பாத்ரூமுக்குக் கூட்டிப்போய், தான் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் திரும்ப பஸ் பிடித்து ஓடுவாள்.

இதெல்லாம் அண்ணிக்குத் தெரியும். தெரிந்தேதான் பெஞ்சில் உட்கார்ந்தாள். இப்போது பல்லைக் கடிப்பது உங்கள் முறை.

---

வார்டில் வேலை ஓடியது. மூலைக் கட்டில்காரர் மூக்கில் போட்டிருந்த குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "என்னைக் கொன்னுடுங்க" என்று கத்தினார். முன்பெல்லாம் இரண்டு பேர் கையைப் பிடிக்க, அண்ணி திட்டிக்கொண்டே திரும்பப் போடுவாள். இப்போது பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கொல்றது கஷ்டம் அய்யா. அதுக்கு நிறைய கையெழுத்து வாங்கணும். குழாய் போடறது சுலபம். எது வேணும், சொல்லுங்க."

அவர் சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு மூக்கையும் காட்டினார்.

புதிதாகச் சேர்ந்த நர்ஸ் அருகில் வந்து, "சிஸ்டர், முன்னாடியெல்லாம் பன்னெண்டு மணிக்கு மேல உங்க பக்கம் வரவே நாங்க பயப்படுவோம். கடிச்சு வெச்சுடுவீங்களோன்னு இருக்கும்" என்றாள்.

"இப்ப?"

"இப்ப ஒரு மணி வரைக்கும் தைரியமா வரலாம்."

ஒரு மணிக்கு அடுத்த ஷிப்ட் ஆளிடம் கட்டில் கட்டிலாக நின்று சொல்லி ஒப்படைத்தாள். உடை மாற்றி, பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை. எழுந்தாள். தண்ணீர்க் குழாய் வரை போனாள், தாகமில்லாமல் குடித்தாள். திரும்ப வந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடினால் வாலுவின் கணுக்கால் தெரிந்தது. செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். சொல்லிவிடலாமா? வாலுவிடம் மட்டும்? சொன்னால் அவள் அண்ணனிடம் போகும். அண்ணனிடம் போனால் கதை முடிந்தது.

வாலுவின் பெயரை எடுத்து வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி இருந்தாள்.

---

அதே நேரத்தில் வாலு பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது மாடி சூப்பர்வைசர் வழிமறித்திருந்தார்.

"தினமும் பத்து நிமிஷம், கால் மணின்னு லேட்டாத்தான் திரும்ப வரீங்க. இன்னைக்கும் லேட்டானா நாளையிலேருந்து சாப்பாட்டு நேரத்துல வெளிய போகக் கூடாது. அதுக்குச் சம்மதம்னா வேலைக்கு வாங்க. இல்லேன்னா கார்டைக் குடுத்துட்டுக் கிளம்புங்க."

"இன்னைக்கு லேட் ஆகாது சார்" என்று சொல்லிவிட்டு ஓடி வந்தாள்.

கதவைத் திறந்தால் கட்டில் காலி.

"அப்பா!"

"கத்தாதே. இங்கதான் இருக்கேன்" என்று கீழேயிருந்து குழறலாக ஒரு குரல் வந்தது. பெரியவர் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில், தரையில், முட்டுக்கொடுத்தது போல உட்கார்ந்திருந்தார்.

"விழுந்துட்டீங்களா?"

"இல்ல, வேடிக்கை பாக்க வந்தேன். கேக்கற கேள்வியைப் பாரு."

"எவ்வளவு நேரமா?"

"இப்பதான்" என்றார். பொய். நனைந்த வேட்டி பாதி காய்ந்துவிட்டிருந்தது.

தலையில் அடி இல்லை. கை கால் எப்போதும் போல்தான் இருந்தது. கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். அசைந்தார், எழவில்லை. இன்னொரு தரம் தூக்கினாள். அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கடிகாரத்தைப் பார்த்தாள். அழுகை முட்டியது.

எதிர்வீட்டில் போய் ஆள் கூப்பிட வேண்டியதுதான். அதற்கு முன்னால் அண்ணிக்கு ஒரு மிஸ்டு கால். அது அந்த வீட்டின் வழக்கம். டியூட்டி நேரத்தில் அண்ணியின் செல் லாக்கரில் கிடக்கும். உயிர் போகிற அவசரம் என்றால் வார்டு போனுக்குக் கூப்பிட வேண்டும். மற்றதற்கெல்லாம் ஒரு மிஸ்டு கால் போதும். சாயங்காலம் லாக்கரைத் திறக்கிறபோது பார்ப்பாள், எங்கும் நிற்காமல் நேரே வீட்டுக்கு வருவாள்.

எண்ணைத் தட்டினாள். ஒரு ரிங் போனதும் வைத்துவிடத் தயாராகக் கட்டைவிரலை வைத்திருந்தாள்.

அந்த ஒரு ரிங்கூட முழுசாகப் போகவில்லை.

"சொல்லு வாலு" என்றது அண்ணியின் குரல்.

இரண்டு பேரும் செல்லைக் காதில் வைத்துக்கொண்டு மூச்சு மட்டும் விட்டார்கள். வார்டுச் சத்தம் எதுவுமே கேட்கவில்லை. எங்கோ ஒரு வாளி நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணி... நீங்க டியூட்டில இல்லையா?"

மறுபடி வாளிச் சத்தம்.

"அண்ணி!"

"என்ன ஆச்சு, அதைச் சொல்லு முதல்ல."

"அப்பா கீழ விழுந்துட்டாரு. அடியில்ல. என்னால தூக்க முடியல."

"தூக்காதே. அப்படியே இருக்கட்டும். ஆட்டோல வரேன்."

'எப்படி வருவீங்க?' என்று கேட்க வாலுவுக்கு வாய் வரை வந்தது. அதற்குள் வைத்தாகிவிட்டது.

---

அண்ணி வந்தாள். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பெரிய துண்டைப் பெரியவரின் இடுப்பைச் சுற்றிக் கட்டி, தன் முழங்காலை அவர் முழங்காலுக்கு அணையாக வைத்தாள்.

"மாமா, நான் சொன்னதும் முன்னால சாயுங்க. என் மேலயே சாயுங்க. வாலு, நீ பின்னாலேருந்து துண்டைப் பிடி. ம்... இப்போ!"

பெரியவர் கட்டிலுக்கு வந்து சேர்ந்தார். அண்ணி தலை, தோள், இடுப்பு எல்லாம் தொட்டுப் பார்த்து, விரலைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தாள். துடைத்து, வேட்டி மாற்றி, ஊட்டினார்கள். இரண்டு வாய் வாங்கிய பிறகு அவர் மருமகளைப் பார்த்து, "இன்னிக்கு சீக்கிரம் வந்துட்டியே" என்றார்.

"ஆமாம் மாமா" என்றாள் அண்ணி.

அவர் கண்ணசந்ததும் வாலு சமையலறைக் கதவைச் சாத்தினாள். பெரியவர் எழுந்துவிடக் கூடாதே என்று சண்டை முழுக்கக் கிசுகிசுப்பிலேயே நடந்தது. கிசுகிசுத்துச் சண்டை போடுவது எத்தனை கஷ்டம் என்று கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

"எங்க இருந்தீங்க?"

"ஆஸ்பத்திரிலதான். கண் டாக்டர் ரூமுக்கு வெளிய ஒரு பெஞ்ச் இருக்கு."

"யாரோட?"

"யாரும் இல்ல."

"என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணலேன்னா?"

"ஒண்ணும் பண்ணலேன்னா ஒண்ணும் பண்ணல வாலு. உக்காந்திருந்தேன். டியூட்டி நேரத்தைக் குறைச்சுட்டாங்க. ஒரு மணிக்கே முடிஞ்சிடுது."

"இன்னைக்கா?"

"மழை ஆரம்பிச்சதிலேருந்து."

வாலு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"மழை ஆரம்பிச்சதிலேருந்து. அப்போ நான் தினமும் பஸ்ல தொங்கிட்டு, சாப்பிடாம, அந்த ஆள்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு ஓடி வரும்போதெல்லாம் நீங்க காலை நீட்டி உக்காந்துட்டு இருந்திருக்கீங்க. காலைல என் காலை அமுக்கிப் பாத்தீங்களே அண்ணி. எந்த மனசோட பாத்தீங்க?"

அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை.

"கேவலமாத்தான் இருந்துச்சு. இருந்தும் போய் உக்காந்தேன். எனக்கு உக்காரணும் போல இருந்துச்சு வாலு, வேற ஒண்ணுமே இல்ல. ஒருத்தரும் தண்ணி கேக்காம, மருந்து கேக்காம, என்ன சமையல்னு கேக்காம."

"எனக்கு மட்டும் உக்காரணும்னு இருக்காதா?"

"இருக்கும்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருந்தா அந்த நேரம் எனக்கு இருந்திருக்குமா? நீயே சொல்லு."

வாலு சொல்ல வாயெடுத்தாள். நின்றாள். பொய் சொல்ல அவளுக்கு வராது, அதுதான் அவளுடைய கஷ்டம்.

"இருந்திருக்காது" என்றாள். "நானே முதல் ஆளா வாங்கியிருப்பேன்."

வாலுவின் செல் அடித்தது. கடை சூப்பர்வைசர். வாலு "சரி சார்... சரி சார்..." என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

"நாளைக்குக் காலைல வந்து முடிவைச் சொல்லணுமாம். மதியம் வெளிய போக மாட்டேன்னு சொன்னா வேலை. இல்லேன்னா இல்ல."

---

ஆறரை மணிக்கு அண்ணன் வந்தான். வாலு போனில் சொல்லியிருந்தாள், வரும்போதே "அப்பா விழுந்தாராமே?" என்றுதான் வந்தான். அப்பாவைப் பார்த்தான், தலையைத் தடவினான். அவனும் கெட்டவன் இல்லை. டீ வந்தது. வாலு தன் கடை விஷயத்தைச் சொன்னாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான். "வேலையை விட்டுடு. அப்பாவும் தனியா இருக்க மாட்டாரு. நீயும் நின்னு நின்னு காலைக் கெடுத்துக்க வேண்டாம். எல்லாருக்கும் நிம்மதி."

எல்லாருக்கும்! அந்தக் கணக்கில் வாலு சேர்த்தியில்லை என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

வாலு அண்ணியைப் பார்த்தாள். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அண்ணி மதியமே சும்மாதான் இருக்காங்க என்று. வாலுவின் வேலை பிழைக்கும். சொல்ல எல்லா நியாயமும் அவளுக்கு இருந்தது. அண்ணி அந்த வாக்கியத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் வாலு. அப்பாவின் அறைப் பக்கம் நடந்தாள். ஷூ கழற்றிய கால் இரண்டும் வீங்கி, நடை தத்தியது.

அண்ணியால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"ஏங்க. அவ வேலையை விட வேண்டாம். எனக்கு டியூட்டி ஒரு மணிக்கே முடிஞ்சிடுது. ரொம்ப நாளாவே."

கத்துவான் என்று எதிர்பார்த்தாள். சந்தேகப்படுவான் என்று எதிர்பார்த்தாள். இரண்டுக்கும் தயாராகத்தான் இருந்தாள்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அட! இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? ஒரு மணிக்கு முடிஞ்சா ஒண்ணரைக்கு இங்க வந்துடலாமே! அப்பாவை நீயே பாத்துக்கலாம். சாயங்காலம் சமையலும் சீக்கிரம் ஆயிடும். காலைல வர்ற அம்மாவைக்கூடத் துணி துவைக்கச் சொல்ல வேண்டாம், மதியம் நீயே மெஷின்ல போட்டுடலாம். எவ்வளவு நல்ல விஷயம்!"

கையில் இருந்த டீ தீர்வதற்குள் அவளுடைய மதியம் முழுவதையும் அவன் செலவழித்து முடித்துவிட்டான். இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று கேட்கக்கூட இல்லை. கோபத்தை அவள் தாங்கியிருப்பாள். இந்தச் சந்தோஷத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"வரேன்" என்றாள். "நாள் விட்டு நாள் வரேன். மத்த நாள் அஞ்சரைக்குத்தான் வருவேன்."

"மத்த நாள் என்ன பண்ணுவே?"

"உக்காந்திருப்பேன்."

"உக்காந்து?"

"உக்காந்துதான்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினான்.

"விளையாடாதே. நீ வராத நாள்ல அப்பாவை யார் பாப்பாங்க?"

"நீ பாரு" என்றாள் வாலு. அறை வாசலிலேயே நின்றிருந்தாள், எப்போது திரும்பினாள் என்று தெரியவில்லை. "நாள் விட்டு நாள்தானே? முதலாளிகிட்டப் பேசி ஷிப்டை மாத்திக்கோ."

"எனக்கு டியூட்டி இருக்கு வாலு."

"இருக்கட்டும் அண்ணா. எத்தனை மணிக்கு முடியுது?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். அவன் சட்டைப் பட்டனைத் திருகினான்.

"அது... நாளுக்கு நாள் மாறும்."

அண்ணி நிமிர்ந்தாள். மழை ஆரம்பித்த நாளிலிருந்து யார் கேட்டாலும் அவள் சொல்லிவந்த பதில் அதுதான். அதே இழுப்பு. கேட்டவர் முகத்தைப் பார்க்காமல் சொல்வதும் அதே போலத்தான்.

"ஏங்க" என்றாள் மெதுவாக. "உங்க ஓட்டல்லயும் நேரத்தைக் குறைச்சுட்டாங்களா?"

அவன் காலி டம்ளரை எடுத்து, வாயில் வைத்துக் குடித்தான்.